ப்யூர் போர்

எனக்குக் கடவுள் கொடுத்தது தாடி அல்ல, தென்னந்துடைப்பம். காலையில் வழித்தால் பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடிப்பதற்குள் மறுபடி முளைத்து நிற்கும். அதை வழிக்கிற திறமையையாவது கூடச் சேர்த்துக் கொடுத்திருக்கலாம், மறந்துவிட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் நாமக்கல்லில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஒரு லாரிப் பட்டறையின் பின்கட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பட்டறைக்கும் எனக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டி மேட்டில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, சோப்பைக் கையால் கன்னத்தில் தேய்த்து, பிளேடால் இழுப்பேன். இழுத்த இடமெல்லாம் ரத்தம். பிளேடைத் திட்டுவேன், சோப்பைத் திட்டுவேன், தண்ணீர் உப்பு என்று தொட்டியைக்கூடத் திட்டுவேன். என் கையைத் திட்டியதாக நினைவில்லை.

சவரக் கடைக்குப் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். போனேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. உலக நடப்பை எல்லாம் பேசுவேன், பேசப் பேசத் தாடை ஆடும். கடைக்காரரே ஒருநாள் கத்தியை மடக்கி வைத்துவிட்டு, "வாத்தியாரே, ஒண்ணு பேசிப்போட்டு வாங்க, இல்லாட்டி வழிச்சுப்போட்டுப் பேசுங்க" என்று கும்பிட்டார். அன்றோடு அந்தப் பக்கம் போவதை விட்டேன்.

இந்த முகத்தோடுதான் முதல்முதலாக வாழப்பாடிக்குப் பெண் பார்க்கப் போனேன். அன்று விசேஷ அக்கறையோடு வழித்ததில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வெட்டு. ரத்தம் நிற்கட்டும் என்று செய்தித்தாளைக் கிள்ளிக் கிள்ளி முகமெல்லாம் ஒட்டியிருந்தேன். பஸ்ஸில் உரித்துவிடலாம் என்று நினைத்தவன் ஜன்னல் காற்றில் தூங்கிப் போனேன். இறங்கும்போது நினைவே இல்லை. பெண்ணின் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையனுக்கு அம்மை போட்டிருக்கிற மாதிரி இருக்குதே, இந்த நேரத்துல ஏம்மா அழைச்சிட்டு வந்தீங்க?" என்று என் அக்காவைக் கேட்டாள். வேப்பிலை பறிக்க ஒரு ஆள் ஓடினார். பெண்ணைக் கண்ணிலேயே காட்டவில்லை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மூஞ்சியில பேப்பர ஒட்டிக்கிட்டுப் போனா படிச்ச மாப்பிள்ளைன்னு நெனச்சுக்குவாங்கன்னு பாத்தியா?"

அடுத்த வரன் ஜேடர்பாளையத்திலிருந்து வந்தது. தரகர் போட்டோவை நீட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணை நான் முன்பே பார்த்திருந்தேன். ஆடிப்பெருக்குக்கு ஜேடர்பாளையம் ஆற்றுக்குப் போயிருந்தபோது, தண்ணீரில் கூத்தடித்த கூட்டத்தை விட்டு விலகிக் கரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா அழுதுகொண்டிருந்தார். இவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை, அம்மாவின் கையைப் பிடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார், எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாமலே எனக்கு மனசு என்னவோ செய்தது. பஸ் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தரகர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒண்ணு இப்பவே சொல்லிப்போடறனுங்க வாத்தியாரே. அந்த ஊட்டுல லாரிங்கிற பேச்சே எடுக்கப்படாது. பெரிய பையன் பம்பாய் லோடு ஏத்திக்கிட்டுப் போனவன், மலைப்பாதையில வண்டி உருண்டு போய்ச் சேந்துட்டானுங்க. அதுலருந்து புள்ள ஒரே புடியா நிக்குது, லாரிக்காரனுக்கு மட்டும் வாக்கப்பட மாட்டேன்னு. இந்தப் பக்கம் வர்ற மாப்பிள்ளை எல்லாமே லாரிக்காரனா இருக்கறான். சாக்பீஸ் புடிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான் ஆம்புட்டீங்க."

நாமக்கல்லில் சொந்தமாக ஒரு லாரிச் சக்கரமாவது இல்லாதவனை மாப்பிள்ளை என்றே சேர்க்காத காலம் அது. லாரி இல்லாததே ஒரு தகுதியாகப் போன இடம் என் வாழ்க்கையில் அந்த ஒன்றுதான். அந்தப் பெண் எனக்கு வேண்டும். இதையும் என் மூஞ்சியால் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு பஸ் ஏறினேன். கையால் சோப்புத் தேய்ப்பதுதான் வெட்டுக்குக் காரணம், பிரஷ் வைத்துக் குழைத்தால் முடி இளகும் என்று எங்கோ படித்திருந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் சோப்பு, சீப்பு, கண்ணாடி விற்கிற ஒரு ஷாப்புக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நின்ற ஒரு பிரஷ்ஷைக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டினார். பேட்ஜர் என்று ஏதோ சீமைப் பிராணியின் முடியாம். தொட்டால் பூவாக இருந்தது. விலைச்சீட்டைப் பார்த்ததும் அது என் சம்பளத்தில் வாழ்கிற பிராணி இல்லை என்று தெரிந்தது. அடுத்து நைலான். "இதுல தண்ணி நிக்காது சார், சும்மா வழுக்கிட்டுப் போகும்" என்று அவரே அதை ஒதுக்கிவிட்டு மூன்றாவதை எடுத்தார். "உங்களுக்கு இதுதான் சரி. விலையும் கம்மி, வருஷக்கணக்கா உழைக்கும். ப்யூர் போர்."

கைப்பிடியில் இங்கிலீஷில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. போர் என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வாத்தியார் மானம் என்னாவது? அது கம்பெனிப் பெயர் என்று நானே முடிவு செய்துகொண்டு, ரொம்பத் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினேன். "கைப்பிடியைப் பாக்காதீங்க, முடியைப் பாருங்க" என்றார் அவர். முடி குட்டையாக, நெருக்கமாக இருக்க வேண்டும். புறங்கையில் அழுத்தினால் மடங்கிவிட்டு எழும்பி நிற்க வேண்டும். இழுத்தால் கையோடு வரக்கூடாது. எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு சிவப்புக் கோடு போட்ட கைப்பிடி எதுவோ அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அதைத் தண்ணீரில் நனைத்தேன். நனைத்ததுதான் தாமதம், ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், மழையில் நனைந்த மிருகம் ஏதோ என் மூக்குக்குக் கீழே வந்து நிற்பதுபோல! நாற்றம் போகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். அடிப்பசை இளகி ஒரு கற்றை முடி மிதந்து வந்தது. மிஞ்சியதை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தால் ஈயப் பாத்திரம் விளக்குகிற மாதிரி இருந்தது. சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் அத்தனையையும் பிரஷ்ஷே குடித்துவிட்டு, எனக்கென்று நாலு குமிழியைக் கக்கியது. காசைக் கரியாக்கினோமே என்று எனக்கு அழுகையே வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பட்டறை மெக்கானிக் கை கழுவத் தொட்டிக்கு வந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், எந்நேரமும் சிரித்த முகம். "அதென்னங்க வாத்தியாரே, கையில?" என்றார். அழுகிற நிலையில் இருந்தவனுக்கு எங்கிருந்துதான் அந்தக் கொழுப்பு வந்ததோ தெரியாது. "இது சாதாரணப் பிரஷ் இல்லைங்க. ப்யூர் போர்!" என்று கைப்பிடியைத் திருப்பிக் காட்டினேன். அவர் வாயைப் பிளந்து, "போருங்களா? அட!" என்று மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார். எனக்கு மார்பு அரை அங்குலம் விரிந்தது. எல்லா வினைக்கும் விதை போட்டது அந்த அரை அங்குலம்தான்.

மூன்று நான்கு நாள் கழித்து ஒரு சந்தேகம் வந்து பள்ளிக்கூடத்து அகராதியைப் புரட்டினேன். போர் என்பதற்கு எதிரே 'ஆண் பன்றி, காட்டுப் பன்றி' என்று போட்டிருந்தது. அகராதியை மூடினேன். திறந்தேன். அப்போதும் பன்றியாகவே இருந்தது. எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் பன்றி வாசல் ஏறினாலே மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். நான் அதன் முடியால் தினமும் வாயைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று எத்தனை தடவை வாய் கொப்பளித்தேன் என்று கேட்காதீர்கள். அக்காவுக்குத் தெரிந்தால் என்னையே தொழுவத்தில் கட்டிவிடுவாள்.

தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. காரணம், அந்தப் பன்றி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. காபி குடித்து முடிக்கும்வரை அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட வேண்டும் என்று தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். முதலில் அதன் தாகம் தீர வேண்டும், அப்புறம்தான் நமக்கு நுரை. ஊறியதை உதறிவிட்டு, சோப்பின்மேல் அவசரப்படாமல் சுற்றினால் தயிர் போலக் கெட்டியாக எழும்பும். வழித்தபின் அலசி, காற்றாடக் காயவிட வேண்டும். தினமும் புழங்கப் புழங்க முடியின் நுனி பிளந்து இளகியது, நாற்றமும் குறைந்தது. பெண் பார்க்கிற நாள் நெருங்கியபோது என் முகத்தில் ஒரு வெட்டு இல்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைக் கட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது.

அந்த நாளும் வந்தது. ஆறு மணிக்கு முதல் பஸ். அக்காவும் தரகரும் ஸ்டாண்டில் காத்திருப்பார்கள். இருட்டு பிரிகிற நேரத்தில் தொட்டிக்குப் போனேன். பிரஷ் வைத்த இடத்தில் இருந்தது. ஆனால் கருப்பாக இருந்தது. எடுத்தால் கையெல்லாம் பிசுக்கு. மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே. நேத்துப் பொழுதோட ஒரு வண்டிக்குப் போர் வேலை. கோணிச்சாக்குல தொடைச்சுக்கிட்டிருந்தேன். அப்பறமேல்தான் ஞாபகம் வந்துச்சு, உங்ககிட்ட போர் பிரஷ்ஷே இருக்குதேன்னு. டீசல்ல முக்கி உள்ள உட்டுச் சுத்துனேன் பாருங்க, அளவெடுத்துப் பண்ணுனாப்பல உக்காந்துச்சு! சீமைக்காரன் சீமைக்காரன்தானுங்க!"

லாரி இஞ்சின் சிலிண்டரின் உட்குழிக்குப் பட்டறை பாஷையில் போர் என்று பெயர். நான் அங்கே குடியிருந்த நாளெல்லாம் அந்த வார்த்தை காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. 'இது அந்தப் போர் இல்லை, பன்றி' என்று அந்த மனிதரிடம் சொல்லலாமா? மறுபடியும் மானம் குறுக்கே வந்து நின்றது. "பரவாயில்லீங்க" என்றேன்.

சோப்புப் போட்டேன், சீயக்காய் போட்டேன், சுடுதண்ணீர் விட்டு அலசினேன். கருப்பு போய்விட்டது. முகர்ந்தால் சோப்பு மணம்தான். கையால் தேய்த்து வழித்தால் மறுபடி அம்மை போடும், எந்தச் சவரக் கடையும் திறந்திருக்காது. துணிந்து பிரஷ்ஷையே எடுத்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு சவரம் செய்ததில்லை, ஒரு கீறல் கிடையாது. ஆனால் தண்ணீரை அப்படிக் குடிக்கிற பிரஷ், டீசலை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்குமா? அதை நான் யோசிக்கவில்லை.

பரமத்தி வேலூர் தாண்டியதும் வெயில் ஏறியது, எனக்கு வேர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மூக்கைச் சுளித்து, "இந்தப் பஸ்ஸுல டேங்க் ஒழுகுதாட்ட இருக்குதுடா" என்றாள். "ஆமாக்கா, பழைய வண்டி" என்றேன். ஜேடர்பாளையத்தில் இறங்கினோம். பஸ் போய்விட்டது. மணம் போகவில்லை. அக்கா பஸ் போன திசையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபோதுதான் அவளுக்கு நான் பயப்படுவேன்.

வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வீடு. பெண்ணின் அப்பா, "வாங்க, வாங்க" என்று பெஞ்சில் உட்கார வைத்தார். அவள் அம்மா, "தண்ணி குடிங்க சாமி" என்று செம்பை நீட்டினார். ஆற்றுப் பக்கமிருந்து நல்ல காற்று வீசியது. நல்ல காற்று என்று எனக்குச் சந்தோஷம். அது என்மேல் பட்டு நேராக உள்ளறைக்குப் போகிறது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அப்பாவின் மூக்கு விடைத்தது. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது, யாரோ எழுந்து ஓடிவருகிற சத்தம். கதவிடுக்கில் ஒரு நிழல் தெரிந்தது. அடுத்த கணம் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"தரகரே," என்றார் அப்பா மெதுவாக. "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்னு சொன்னீங்க?"

"வாத்தியாருங்க!"

"வாத்தியாரு மேல எப்படிங்க டீசல் வாசம்? காதுக்குப் பின்னால பாருங்க, கிரீசு."

அம்மா உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "புள்ள வரமாட்டேங்குதுங்க. கட்டில்ல கவுந்து படுத்துக்கிச்சு." தரகர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். அக்கா தன் பங்குக்கு, "ஐயோ, எந்தம்பிக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதுங்க!" என்று என் மானத்தைக் கப்பலேற்றினாள். அப்பா அசையவில்லை. "ஒரு பையன லாரிக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்கிற ஊடுங்க இது. பொய் சொல்லிப் பொண்ணு கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கம், துக்கம், கோபம் எல்லாம் ஒன்றாக வந்தன. ஆற்றங்கரையில் பார்த்த அந்த முகம் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

"டீசல் என்னுது இல்லீங்க, பிரஷ்ஷோடதுங்க" என்றேன்.

"என்ன பிரஷ்ஷு?"

"மொகம் வழிக்கிற பிரஷ்ஷுங்க. போர் பிரஷ்ஷு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பாவின் முகம் இன்னும் இறுகியது. "போருன்னா எனக்குத் தெரியாதுங்களா? எம்பட பையன் வாயில எந்நேரமும் அந்தப் பேச்சுதான்" என்றார். தரகர் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு, "இல்லீங்க, வைக்கப்போரு! வாத்தியாரு ஊட்டுல வைக்கப்போரு பெருசா இருக்குது!" என்று குறுக்கே விழுந்தார். வைக்கோற்போருக்கு எதற்கு பிரஷ் என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன். லாரிக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவதா, உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதா என்று இரண்டே வழிதான் இருந்தது.

"லாரிப் போரும் இல்லீங்க, வைக்கப்போரும் இல்லீங்க" என்று கத்தினேன். வகுப்பில் கத்தி வளர்ந்த தொண்டை, கொடிக்கால் வரைக்கும் கேட்டிருக்கும். "இங்கிலீஷ்ல போருன்னா பன்னிங்க! நான் தெனமும் மூஞ்சியில தேய்க்கிறது பன்னி மசுருங்க! தெரியாம வாங்கிப்போட்டேன், மெக்கானிக்கிட்ட ப்யூர் போருன்னு பீத்திக்கிட்டேன், அவரு லாரிக்குள்ள உட்டுக் கழுவிப்போட்டாரு, அதையே நான் காலையில மூஞ்சிக்குப் போட்டுக்கிட்டு வந்துட்டனுங்க! அவ்வளவுதானுங்க!"

"அட கெரகமே!" என்று அக்கா பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்தாள். எனக்கு முகத்தில் அசடு வழிந்தது, அதை வழிக்கத்தான் எந்தப் பிரஷ்ஷும் இல்லை. அப்போது உள்ளறையிலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், கதவே அதிரும்படி சிரித்தாள். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ள சிரிக்குது," என்றார், யாரிடமும் சொல்லாத குரலில். "அவன் போனதுக்கு அப்பறம் இப்பத்தான் சிரிக்குது."

கொஞ்ச நேரத்தில் அவளே காபி கொண்டுவந்தாள். என் கையில் கொடுக்கவில்லை, எட்டி நின்று பெஞ்சின்மேல் வைத்துவிட்டு ஓடினாள். சம்மதம் என்று அம்மா வந்து சொன்னார். ஒரே ஒரு நிபந்தனையாம்: அந்தப் பிரஷ் வீட்டுக்குள் வரக்கூடாது.

வரவில்லை. கல்யாணம் முடிந்து தனி வீடு பார்த்து வந்த பிறகு, பிரஷ் கொல்லைப்புறத்து முருங்கை மரக்கிளையில் ஒரு தகர டப்பாவில் குடியிருந்தது. மரத்தடியில் நின்றுதான் சவரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். ஒரு பொங்கலுக்கு முன்னால் அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று சேலத்திலிருந்து புது நைலான் பிரஷ் வாங்கி வந்தேன். பாதி முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டே, "இனிமேல் பன்னி வேண்டாம், இதத் தூக்கி எறிஞ்சுடலாம்" என்றேன். அவள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமுங்க. வெயில் ஏறுனா இதுல இன்னும் லேசா டீசல் வாசம் வருது."

"அதுக்குத்தான் எறியலாம்னு சொல்றேன். அன்னிக்கு இந்த வாசத்துக்குத்தானே கோவத்துல கதவச் சாத்துன?"

"கோவமா?" என்றாள். "வாசம் வந்ததும் அண்ணன் வந்துட்டான்னு எந்திரிச்சு ஓடியாந்தனுங்க. கதவுச் சந்துல பாத்தா நீங்க உக்காந்திருந்தீங்க."

டப்பாவோடு உள்ளே போனாள். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் அதை வைக்கிற சத்தம் கேட்டது. என் முகத்தில் நுரை காய்ந்துவிட்டது. மறுபடியும் குழைக்க வேண்டியிருந்தது.